மாமாவின் தூக்க நோட்டு

மூன்று மணி ஐம்பது நிமிடம், டாக்டர். என் மாமனார் ஒரு நாளைக்குத் தூங்குவது அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டு நாள் சராசரி. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பிராங்கிளினுக்கு இது தெரியாது. அவர் படுத்தால் விடிந்துதான் எழுவார்.

மாமா முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியார். ஆகஸ்டு மாதம் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடி என் பெட்டியைத் திறந்தார். அன்றிலிருந்துதான் அவருடைய மூளை நலத்தில் எனக்கு அக்கறை வந்தது.

வயதானவர்கள் பகலில் நெடுநேரம் தூங்கக் கூடாது என்று படித்தேன். எனவே மதியம் கண் சொருகும்போதெல்லாம் சின்ன வெங்காயம் உரிக்கக் கொடுத்தேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் புத்தி குழம்பும் என்றும் படித்தேன். எனவே இரவு பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் எழுப்பி ஒரு டம்ளர் கொடுத்தேன். எழுப்பியதுதான் எழுப்பினோம் என்று ஞாபகத்தையும் சோதித்தேன். இன்று என்ன கிழமை? பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லுங்கள்.

“விடும்மா, செத்த நேரம் கண்ணசந்துக்கிறேன்” என்பார். ‘எரிச்சல்’ என்று குறித்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் பதிமூன்று எட்டு தொண்ணூற்றாறு என்றார். மறுநாள் தன் காப்பி டம்ளரைப் பார்த்து இது யாருடையது என்று கேட்டார். வீட்டுக்காரர் அழுதார். நான் கிராஃப் போட்டுக் காட்டினேன். கோடு பிசிறில்லாமல் இறங்கியிருந்தது. “படிச்ச மருமக வந்தது எங்கப்பாவுக்குக் கொடுப்பினை” என்றார் நாத்தனார் ஜோஸ்பின்.

போன வாரம் ஜோஸ்பினே மாமாவை வடமதுரையில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் நான்கு நாள் வைத்திருந்தார். அங்கே யாரும் எழுப்பவில்லை. நாலாம் நாள் மாமா வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து தொடங்கி முதல்வரை சொன்னாராம். அதைக் கேட்டுத்தானே நீங்கள் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, என்னிடம் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கிறீர்கள்?

நீங்கள் இன்று எழுதித் தரும் தாளை வைத்துத்தான் மாமா வீட்டில் இருப்பாரா, ரெட்டியார்சத்திரம் பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போவாரா என்பது முடிவாகும். இல்லத்தில் நல்ல மனிதர்கள். அவர் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சற்று முன் பிராங்கிளின் உங்களிடம் என்னைப் பற்றி ஒன்று சொன்னார். “அப்பாவுக்கு ரொம்ப முத்திப்போச்சு டாக்டர். ஐரின் டிகிரியே முடிக்கலங்கிறாரு.” நீங்கள் இருவரும் சிரித்தது வெளியே பெஞ்சுவரை கேட்டது. மாமாவும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “மூணு பேப்பர்தானம்மா, நானே சொல்லித் தாரேன், எழுதிப்புடலாம்” என்றார். என் பெட்டியைத் திறந்த அன்று சொன்ன அதே வார்த்தைகள்.

அன்று அவர் எனக்கு வாக்கும் கொடுத்திருந்தார். “நீயாச் சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.” ஆறு வாரம் காப்பாற்றினார். ஏழாம் வாரம், தூக்கம் கெட்ட ஒரு காலையில்தான், இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டே உளறினார். அதையும் நோயின் அறிகுறியாகவே எழுதினேன்.

தகவலை மறைத்தால் அது ஆய்வு ஆகாது. மாமா சொல்வது சரி. நான் பி.எஸ்சி. தேறவில்லை, டாக்டர்.