கடுகளவு நீலப் பளிங்கு

நாற்காலியை இழுக்காமல், தூக்கி வைத்து உட்காருங்கள், ஹாஜியார். அலமாரியில் சோதனைக்குழாய் இருக்கிறது, அதற்கு அதிர்வு ஆகாது. தேநீருக்குச் சீனி இல்லை. இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருக்கிறது?

என் தங்கை காமிலாவுக்கு வலிப்பு என்று கதை கட்டியது யார் என விசாரிக்கத்தானே பள்ளிவாசலிலிருந்து உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? சொல்கிறேன். ஆனால் இந்த ஷுக்ரி மாஸ்டர் பாடம் எடுக்காமல் பதில் சொல்லமாட்டான் என்று பதுளைக்கே தெரியும்.

முதல் குழாயின் அடியில் மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, கரைத்து விட்டேன். அதன்மேல் கரிமம் கொண்ட ஒரு சேதனப் பொருளின் கரைசல். இரண்டும் மெதுவாகச் சந்திக்கும் இடத்தில் நீலப் பளிங்கு வளரும். உள்ளே அந்தச் சேதன மூலக்கூறு ஒரு கையால் இந்தச் செம்பையும் மறு கையால் அடுத்த செம்பையும் பிடித்துப் பாலமாக நிற்கும். அப்படியே முடிவில்லாத சங்கிலி. இது என் ஊகம். கடுகளவு பளிங்கு கிடைத்தால், பல்கலைக்கழகத்து நண்பர் எக்ஸ் கதிரில் படம் பிடித்துச் சொல்லிவிடுவார். குழாய் அசைந்தால் கடுகும் இல்லை, வெறும் மாவுதான்.

வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தார்கள். உரலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். உம்மாவை வெலிமடையில் சாச்சி வீட்டில் விட்டிருக்கிறேன். இருமல் நின்றதும் வரலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹாலிஎலவிலிருந்து அலவியின் சம்பந்தம் வந்தது. நல்ல பிள்ளை. காமிலாவுக்கும் பிடித்துப்போனது. சமையலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டை மட்டும் நிறுத்தச் சொன்னேன். எங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதானே வழக்கம்? இந்த வீட்டை வாப்பா அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டுத்தான் மௌத்தானார். பெண் பார்க்க வந்த அன்று அலவி ஒரு தடவை சிரித்தார், அலமாரிக் கண்ணாடி கடகடத்தது. அந்தச் சிரிப்பு நிரந்தரமாகக் குடிவந்து, பிறகு பிள்ளைகளும் பிறந்து ஓடினால்? நீங்களே யோசியுங்கள்.

ஆகவே தரகர் இப்றாஹீமிடம் நான்தான் சொன்னேன். "தங்கச்சிக்கு வலிப்பு வாரது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாம விட்டா பாவம்." சின்ன வலிப்பு என்றுதான் சொன்னேன், கூட்டிச் சொல்லவில்லை. கலியாணம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்பதே என் எண்ணம். பேச்சு பண்டாரவளை வரை போய்விட்டது. அதன்பிறகு ஒரு சம்பந்தமும் இந்த வாசலுக்கு வரவில்லை.

காமிலா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நானா, ஒங்கட வாயாலயா சொன்னீங்க?"

"ஓம்" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பளிங்கு கிடைத்தது, ஹாஜியார். படமும் வந்தது. என் ஊகம் சரி. அதில் தனியாக நிற்கிற செம்பு ஒன்றுகூட இல்லை. இப்போது அடுத்த குழாயை வைத்திருக்கிறேன். காமிலாவை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அவளுக்கும் இதில் அக்கறை வந்துவிட்டது. குழாய் அசைந்துவிடும் என்று, அன்றிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.