பதினொரு கொத்துகளின் சுவர்

தினைக் கஞ்சியைச் சூடாகக் குடித்தால்தான் எனக்கு வேலை ஓடும். அன்று மாலையும் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆகவே, ஐயா, பதற்றத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அவை விலகிப்போகும் வேகத்துக்கு ஏற்ப அவற்றின் ஒளிக்கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வை அளந்தால் தூரம் தெரியும். இந்த ஹெபெய் மலை வானாய்வகத்தில் பத்தொன்பது குளிர்காலம் அதைத்தான் அளந்தேன். பதினொரு கொத்துகள் ஒரே தூரத்தில், சுவர் எழுப்பியதுபோல் நின்றன. பெய்ஜிங்கில் அதற்கு 'பாங் சுவர்' என்று என் பெயரையே வைத்தார்கள்.

ஷென் ரூய்யுன் என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கெட்டிக்காரி, அது தனக்கே தெரிந்த கெட்டிக்காரி. அன்று மாலை தன் கணக்குத் தாள்களை என் மேசையில் போட்டாள்.

"பாங் சார், பதினொண்ணுலயும் ஒரே இடத்துல ஒரே கோடு. அது கொத்தோட கோடே இல்ல. அடிவாரத்து ஊர்ல போட்டிருக்காங்களே, மஞ்சள் தெருவிளக்கு, அதோட வெளிச்சம்."

"அப்போ என் சுவர்?"

"அது வானத்துல இல்ல சார். கீழ நூடுல்ஸ் கடை வாசல்ல நிக்குது."

சிரித்தாள். பிறகு, "இன்னும் யார்கிட்டயும் சொல்லல. முதல்ல உங்ககிட்ட சொல்றதுதானே மரியாதை" என்றாள்.

நான் கோபப்படவில்லை. தொலைநோக்கியின் குவிமாடத்தில் பனி படிந்திருந்தது. "திறக்கறதுக்கு முன்னாடி தள்ளிட்டு வந்துடு" என்றேன். ஐந்து நிமிட வேலை என்று கோட்டைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு, துடைப்பத்தோடு, குவிமாடத்தைச் சுற்றி வெளியே ஓடும் உயர நடைமேடைக்குப் போனாள். அங்கே உறைநிலைக்குக் கீழே இருபத்து மூன்று டிகிரி. உள்ளே வர அந்த ஒரே கதவுதான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

தட்டினாள். முதலில் 'சார்' என்றாள். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வாசலிலிருந்து காவலாளி போனில் கேட்டார்: "ஷென் எங்க சார், சாப்பிட வரலியா?" "பசிக்கலையாம்" என்றேன். அவள் தாள்களை அடுப்பில் போட்டேன், நன்றாக எரிந்தன. தட்டல் நின்ற பிறகும் ஒரு மணி நேரம் பொறுத்துத் தாழ்ப்பாளை எடுத்தேன்.

வெளியே பனி குவிந்து கதவைத் தடுத்துவிட்டது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். அந்தக் கதவு உள்பக்கம் திறப்பது, பனி அதைத் தடுக்காது என்று நீங்கள் ஒருவர்தான் பார்த்தீர்கள். ஆம், நான்தான் கொன்றேன்.

ஆனால் அடுத்த ஆண்டு வந்த என் நூலை அவளுக்கே சமர்ப்பித்தேன். 'இந்தச் சுவரைக் கண்ட கண்களில் ஒன்று' என்று போட்டேன். அவள் அம்மா ஹார்பினிலிருந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்லுங்கள் ஐயா, அந்தப் பெண்ணுக்கு வேறு யார் இவ்வளவு செய்திருப்பார்கள்?