இரண்டு தேசிக்காய்

ஜான்-டலோன் நிலையத்தில் நான் ஏறிய, லவால் போகும் மெட்ரோவில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் சந்தைப் பை.

"பனிக்காலம் முழுக்க எங்கட மோட்டச்சைக்கிள் குசினிக்கைதான் நிண்டது, அக்கா."

"சமைக்கிற குசினிக்கையோ?"

"ஓம். எங்களுக்குக் கராஜ் இல்லையே. என்னைவிட வயசு கூடின பைக். செயின் ஓடுற பல்லுச்சில்லு ரெண்டும் தேஞ்சு போச்சு. மாத்துவமெண்டால் முன்பக்கத்துப் பல்லுச்சில்லின்ர நட்டு அசையேல்லை. நான் ஏறியிருந்து பிரேக்கை மிதிக்க, என்ர மனுசன் திருகித் திருகிக் களைச்சுப்போனார்."

"பேந்து?"

"இறங்கிப் பாத்தன். நட்டுக் கழண்டுபோகாமல் அதுக்குக் கீழ இருக்கிற தகட்டின்ர விளிம்பை மடிச்சு விட்டிருக்கு. இவர் அதைப் பாக்கேல்லை. நான் அதை நிமித்திப்போட்டு, இவரை ஏறிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னன். ஒரே திருகல், கழண்டிட்டுது. மிச்சமெல்லாம் பூட்டினதும் நான்தான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"நாளைக்கு முதல் ஓட்டம், தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா எண்டவர்."

பையைத் திறந்து இரண்டு எலுமிச்சம்பழங்களைக் காட்டினாள்.

"ஆர் ஓடுறது?"

"நான் லைசென்ஸ் எடுத்திட்டன், அக்கா. சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கிறது அவர். ஏறி நசிக்கிறது நான்."