சீட்டில் உட்கார்ந்த சுரைக்காய்

பொக்லைன்காரர்: முதல்ல அதை இறக்குங்கக்கா.

தையல்காரி: எதை?

பொக்லைன்காரர்: என் சீட்டுல சட்டமா உக்காந்திருக்கே, அந்தச் சுரைக்காயை.

தையல்காரி: அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. உனக்கென்ன?

பொக்லைன்காரர்: அப்ப நான் எங்க உக்காருறது?

தையல்காரி: பக்கத்துல ஒட்டிக்கோ. பிஞ்சுதான், நெருக்காது.

பொக்லைன்காரர்: இது மண்ணு தோண்டுற வண்டிக்கா. பந்தல் இல்ல.

தையல்காரி: இத்தனை மாசம் அசையாம நின்னா எதுவும் பந்தல்தான். நாங்களா வந்து நிறுத்தினோம்? அண்ணன் தம்பி ரெண்டு முதலாளியும் இடத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க, வழக்கு போட்டாங்க, வண்டியை நடுவுல போட்டுட்டுப் போயிட்டாங்க. கொடி கிடைச்சதைப் பிடிச்சு ஏறிடுச்சு.

பொக்லைன்காரர்: ஏறட்டும். கதவைத் திறந்துட்டு உள்ளயும் வருமா?

தையல்காரி: ... காத்துக்குத் திறந்திருக்கும்.

பொக்லைன்காரர்: அந்தக் காத்து என் கியர் கம்பியில தையல் நூலால முடிச்சும் போட்டுச்சா?

தையல்காரி: நல்ல காத்து.

பொக்லைன்காரர்: சிரிக்க வைக்காதீங்க. கேட் பக்கத்துல சூப்பர்வைசர் போன் பேசிட்டு இருக்காரு. முடிச்சதும் நேரா இங்கதான் வருவாரு.

தையல்காரி: வரட்டும்... உன்னை எங்கயோ பாத்திருக்கேனே தம்பி.

பொக்லைன்காரர்: எல்லாரும் சொல்றதுதான். எனக்கு அப்படி ஒரு முகம். நகருங்க.

தையல்காரி: திங்கட்கிழமை வரைக்கும் விடு, நகர்றேன். அன்னைக்கு இடத்தைப் பாத்துக்கக் கோர்ட்டு போட்ட அதிகாரி வர்றாரு. பயிர் நிக்கிறதைக் கண்ணால பாத்துட்டா, வழக்கு முடியிற வரைக்கும் இடத்தை எங்களுக்கே குத்தகைக்கு விடுறேன்னு சொல்லியிருக்காரு. நிக்கலைன்னா மனு குப்பைக்குப் போயிடும்.

பொக்லைன்காரர்: அது தெரிஞ்சுதான் அண்ணன் முதலாளி இன்னைக்கே தோண்டச் சொல்றாரு.

தையல்காரி: தம்பிக்காரர் ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து! வெக்கமா இல்ல?

பொக்லைன்காரர்: என்னைக் கேட்டா? நான் கூலிக்கு வண்டி ஓட்டுறவன்.

தையல்காரி: நாங்களும் கூலிக்குத் தைச்சவங்கதான். கம்பெனியை ஒரே நாள்ல இழுத்து மூடினாங்க. வீட்டுல உக்காந்து அழுதிருக்கலாம். அழல. இங்க வந்து செங்கலும் கண்ணாடியும் பொறுக்கினோம். பொறுக்கப் பொறுக்க செங்கல்தான். மண்ணு கண்ணுல படவே ஒரு மாசம் ஆச்சு. அதை நீ ஒரு வாரு வாரிட்டுப் போயிடுவியா?

பொக்லைன்காரர்: ... அவர் வர்றாரு. பேசாம இருங்க.

சூப்பர்வைசர்: என்னப்பா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?

பொக்லைன்காரர்: இதோ, ஏறிட்டேன் சார்.

தையல்காரி: பாத்து, காம்பு!

சூப்பர்வைசர்: ஏம்மா, தள்ளி நில்லு. வண்டி ஏறினா நான் பொறுப்பில்ல.

தையல்காரி: தள்ள மாட்டேன். கத்திரிக்காயோட சேத்து என்னையும் வாருங்க.

சூப்பர்வைசர்: நீ ஸ்டார்ட் பண்ணுப்பா!

பொக்லைன்காரர்: பண்றேன் சார்... பண்றேன்...

சூப்பர்வைசர்: சத்தத்தையே காணோம்?

பொக்லைன்காரர்: இருங்க, பாட்டரியைப் பாத்துடுறேன்... சார்...

சூப்பர்வைசர்: என்ன?

பொக்லைன்காரர்: பெட்டி இருக்கு. பாட்டரி இல்ல.

சூப்பர்வைசர்: இல்லன்னா?

பொக்லைன்காரர்: இல்லன்னா இல்லதான் சார். எவனோ கழட்டிட்டான்.

சூப்பர்வைசர்: ஏம்மா, பொழுதன்னைக்கும் இங்கதானே கிடக்குறே? யார் எடுத்தது?

தையல்காரி: எனக்குச் செடி தெரியும், கொடி தெரியும். பாட்டரி நீளமா உருண்டையான்னுகூடத் தெரியாதுங்க.

சூப்பர்வைசர்: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நானே போய் புதுசு வாங்கிட்டு வர்றேன். சாயங்காலத்துக்குள்ள இங்க பள்ளம் தெரியணும். நீ எங்கயும் போயிடாதப்பா.

பொக்லைன்காரர்: சரி சார்.

தையல்காரி: ... போயிட்டாரா?

பொக்லைன்காரர்: தெரு முனை திரும்பிட்டாரு. எங்கக்கா அது?

தையல்காரி: எது?

பொக்லைன்காரர்: நீளமா உருண்டையான்னு தெரியாதது.

தையல்காரி: பூசணிப் பாத்தியில. எருவுக்கு அடியில. நேத்து நானும் பட்டன் வைக்கிறவளும் சாக்குல போட்டு இழுத்தோம். இடுப்பு இன்னும் நிமிரல. போய்ச் சொல்லணும்னா சொல்லிக்கோ.

பொக்லைன்காரர்: அவர் புதுசோட வந்துடுவாரே?

தையல்காரி: நீ அசந்த நேரம் அதையும் கழட்டுவேன்.

பொக்லைன்காரர்: அதை என்கிட்டயேவா சொல்றீங்க?

தையல்காரி: வேற யார்கிட்ட சொல்ல? அதுவும் முடியலைன்னா வண்டி முன்னாடி பாயை விரிச்சுப் படுத்துக்குவேன். திங்கட்கிழமை வரைக்கும் ஒரு பாத்தியையும் தொட விடமாட்டேன் தம்பி. என்ன ஆனாலும் சரி.

பொக்லைன்காரர்: பாயெல்லாம் வேணாம்... முந்தாநேத்து சாயங்காலம் ஒருத்தன் மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு கேட் பக்கத்துல நின்னானே, ஞாபகம் இருக்கா?

தையல்காரி: ஆமா, யாரோ வேலைவெட்டி இல்லாத பய. "சும்மா வேடிக்கை பாக்காத, ஊத்து"ன்னு குடத்தைக் கையில குடுத்தேன். பாவம், இருட்டுற வரைக்கும் ரோட்டைத் தாண்டித் தாண்டித் தூக்கிட்டு வந்து ஊத்தினான். யாரு எவருன்னுகூட நான் கேக்கல... ஏன்?

பொக்லைன்காரர்: வண்டி ஓடுற நிலைமையில இருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லி அவனை அனுப்பியிருந்தாங்க.

தையல்காரி: ... தம்பி!

பொக்லைன்காரர்: கத்தாதீங்க.

தையல்காரி: அப்போ இவ்வளவு நேரம் என்னைப் பாடாப் படுத்தினது...?

பொக்லைன்காரர்: கேட்ல நின்ன சூப்பர்வைசருக்குக் காது கூர்மைக்கா.

தையல்காரி: அவர் பாட்டரியோட வந்து நிப்பாரே, அப்ப என்ன பண்ணுவே? உன் பிழைப்பு என்ன ஆகும்?

பொக்லைன்காரர்: பழைய வண்டி மக்கர் பண்ணினா நான் என்ன பண்ண முடியும்? அவர் பாட்டரிக் கடையையே தூக்கிட்டு வரட்டும். நான் தண்ணி ஊத்தின பாத்தியை நானே வாருறதா? டீசல் குழாயை அன்னைக்கே கழட்டி எங்க வீட்டுப் பரண்ல போட்டுட்டேன். இந்த மாடலுக்கு அது உள்ளூர்ல கிடைக்காது, சொல்லி வரவழைக்கத் திங்கட்கிழமை தாண்டிடும்... நீங்க போய்க் குடத்தை எடுங்கக்கா, வெயில் ஏறுது.