முதலில் பல்லிகள்

ஈரத் துணியால் துடைத்தால் எதுவும் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். நான் அவர்களைக் குறை சொல்வதில்லை. மேசைக்கும் தட்டுக்கும் அது சரிதான். கையால் வண்ணம் தீட்டிய பொம்மைக்கு மட்டும் உலர்ந்த தூரிகை வேண்டும், அதுவும் கன்னத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெத்தென்று. நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், மேடம். தீப்பிடித்த வீட்டிலிருந்து இத்தனை டைனோசர் பொம்மைகள் ஒரு கீறல் இல்லாமல் எப்படி வெளியே வந்தன, என் நாத்தனார் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

பொம்மைகளிலிருந்து தொடங்குகிறேன். டைனோசர் என்றாலே எல்லாருக்கும் டி. ரெக்ஸ்தான். பென்சில் டப்பாவில் அவன், பனியனில் அவன், பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியிலும் அவன். என்னிடம் ரெக்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. அவனுக்கு என்ன குறை? கல்யாண வீட்டில் மூத்த மாப்பிள்ளையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அதே குடும்பத்து மற்ற பிள்ளைகள் செருப்பைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் நிற்பார்கள். எனக்கு எப்போதும் அவர்களோடுதான் பேச்சு வரும். சொல்லப்போனால் நானும் அங்கேதான் நிற்பேன்.

ரெக்ஸின் சொந்தக்காரர்கள்தான் என்னிடம். ஆலியோராமஸ் இருக்கிறது. நீண்ட மூக்கின் மேல் வரிசையாகப் புடைப்புகள். கியான்சூசாரஸுக்கு முகம் அவ்வளவு நீளம், எப்போதும் கெட்ட செய்தி கேட்டது போலவே இருக்கும். குவான்லாங் தலையில் கொண்டையோடு, ரெக்ஸுக்குப் பல கோடி ஆண்டு முந்திய ஒன்றுவிட்ட பாட்டன். நானூக்சாரஸ் வடக்கே இருட்டிலும் குளிரிலும் காலம் தள்ளியது. லித்ரோனாக்ஸ், டெராடோஃபோனியஸ், சின்னஞ்சிறு மோரோஸ். இவற்றுக்குப் பொம்மை கிடைப்பதே குதிரைக்கொம்பு. யாராவது ஒரு சிற்பி ஆசைப்பட்டு ரெசின் என்கிற இறுகும் பிசினில் சில பிரதிகள் வார்ப்பார். அதோடு சரி. பாகங்களாக வரும். நான்தான் தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். விலங்கியல் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். வேலை, தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்ப்பதோடு என் அறிவுக்கு வேலை முடிந்துவிடும்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்லவர். வீட்டின் கடைசி அறையைக் கேள்வி கேட்காமல் எனக்கு விட்டுக்கொடுத்தார். அவருடைய அக்கா மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு எங்களோடு வந்து தங்கியபோது நானும் கேள்வி கேட்கவில்லை. கணக்கு நேர்தான்.

நாத்தனாரை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். எல்லாருக்கும் பிடிக்கும். தையல் கடை வைத்திருந்தவர். வாய் ஓயாது. நடைக்கு உதவும் இரும்புச் சட்டத்தை டக்டக்கென்று ஊன்றிக்கொண்டு வந்து என் அறை வாசலில் நிற்பார்.

"ஏன்டி, ஊர்ல உள்ள பொண்ணுங்க பல்லியைப் பாத்தா கட்டில் மேல ஏறுது. நீ பல்லிக்குக் கட்டில் போட்டுப் படுக்க வெக்கிற."

"இது பல்லி இல்லக்கா."

"பின்ன? மச்சானா?"

கணவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்குச் சட்டென்று பதில் வராது. குளிக்கும்போதுதான் வரும்.

யூடிரானஸ் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தில் உடம்பெல்லாம் இறகு இருந்தது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த பெரிய விலங்கு அது. இறகின் தடம் பாறையிலேயே பதிந்திருக்கிறது. சிற்பிகள் பெரும்பாலும் இறகைக் கோடாகச் செதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மென்மையான இழைகளை நறுக்கி, இடுக்கியால் எடுத்து, வாலிலிருந்து தலை நோக்கி ஒவ்வொன்றாக ஒட்டினேன். கழுத்தருகே அடர்த்தி, விலாவில் கொஞ்சம் கலைந்தாற்போல். கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்த வேலை. முடிந்த அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தேன். நாத்தனார் என் வாசலில் முகம் நிறையச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெரிய பல்லி மேல ஒரே பூஞ்சை. பாவம், நீ வேலைக்கு ஓடுற அவசரத்துல கவனிக்கல. சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, நார் போட்டுத் தேய்ச்சேன். போவேனான்னுச்சு. விடுவனா? இப்பப் பாரு, பளிச்சுன்னு."

யூடிரானஸ் ஜன்னலோரம் ஒரு துண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. உரித்த கோழி போல இருந்தது.

"பரவால்லக்கா," என்றேன்.

இடுப்பெலும்பு முறிந்தவர், பக்கெட்டுத் தண்ணீரோடு, எனக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். எப்படிக் கோபப்படுவது? நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மறுநாளிலிருந்து அவர் அறையின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட ஆரம்பித்தேன். அது முன்பு சாமான் அறை. அதனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில், நான் கடைக்குப் போகும்போதும், என் அறையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டும்போதும் மட்டும். குளியலறை உள்ளேயே இருந்தது, தண்ணீர்க் கூஜாவும் நிரப்பி வைப்பேன். அவர் தனியாக நடந்து விழுந்துவிட்டால் யார் பொறுப்பு? அவருடைய நன்மைக்கும்தான்.

அவருக்கு அது தாழ்ப்பாள் என்று தெரியாது. மழைக்குக் கதவு உப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"தம்பி, உன் வீட்டுக் கதவு என் இடுப்பு மாதிரிடா. நெனச்சா மடங்குது, நெனச்சா மடங்க மாட்டேங்குது," என்று கணவரிடம் சொன்னார். கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவின் அடிப்பக்கத்தை இழைத்துக் கொடுத்தார். அப்படியும் அது இறுகத்தான் செய்தது. மரம் சரியில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. ஒருவர் ஆசையாக நம்புவதை எதற்குக் கலைப்பது?

இனி தீ. அதை நான் வைக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒயரில் பொறி பறந்தது என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். மத்தியான நேரம், கட்டடத்தில் பெரும்பாலும் யாரும் இல்லை. கணவர் வேலையில். நான் விடுப்பில் வீட்டில், டெராடோஃபோனியஸின் ஈறுக்கு இரண்டாம் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்கு மேலே புகை மெதுவாகச் சுருண்டுகொண்டிருந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயம். இரண்டு காலில் நிற்கிற பொம்மைகளுக்குக் கணுக்கால்தான் பலவீனம். சாதாரண வெயில் காலத்திலேயே மென்பிளாஸ்டிக் இளகி, பொம்மை குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் சாயும். வெந்நீரில் முக்கி நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் பிடிக்க வேண்டும். ஆகவே சூடு வந்தால் எது முதலில் போகும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு யோசிக்கத் தேவையில்லை. முதலில் பிளாஸ்டிக், பிறகு ரெசின். ரெசினில் மெல்லிய வால் உள்ளவை முன்னே. வாலைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். அவசரத்தில் தூக்கினால் முறிந்துவிடும். மற்றவர்கள் பதறியிருப்பார்கள். நான் பதறவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் இருந்ததே இல்லை.

என் அறையிலிருந்து வாசலுக்குப் போகிற நடைவழியில், நடுவில், நாத்தனாரின் அறை. முதல் பெட்டியோடு கடந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஏன்டி, என்னமோ கருகுதே?"

"சமையலறையில தீக்கா."

"ஐயய்யோ. இந்தப் பாழாப்போன கதவு வேற இறுகிக்கிச்சு." கொஞ்சம் இருமினார். பிறகு சொன்னார்: "சரி, நீ மொதல்ல உன் பல்லிங்கள எடுத்துப் போட்டுட்டு வா. அப்புறம் வெளியிலேர்ந்து ஒரு தள்ளு தள்ளு. நான் உள்ளேர்ந்து இழுக்கிறேன்."

அவரே சொன்னது, மேடம். நான் இட்டுக்கட்டவில்லை. அப்படிப்பட்ட மனசு அவருக்கு. நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

கீழே படிக்கட்டில் காவலாளி பெட்டியை வாங்கிக்கொண்டார். "உள்ள வேற ஆளு இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை. அவர் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். ஆக, இல்லை என்றுதான் ஆட்டியிருப்பேன்.

அடுத்த நடையில் குவான்லாங்கும் மோரோஸும். அதற்கடுத்ததில் நீள முகக்காரர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு முறையும் அவர் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் "இதோ வந்துட்டேன்கா" என்றேன். பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. நடைவழியில் புகை இறங்கி வந்துகொண்டிருந்தது. குனிந்துதான் போக முடிந்தது. "எத்தன பல்லிடி வெச்சிருக்க," என்றார் ஒருமுறை. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் குரலில் காற்று இல்லை. பிறகு சட்டத்தை ஊன்றும் சத்தமும், நாற்காலி சாய்ந்த சத்தமும் கேட்டன. ஜன்னலில் கம்பி உண்டு என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் போய்ப் பார்த்திருப்பார் போல.

எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று படியில் நின்று பார்த்தபோதுதான் யூடிரானஸ் வரவில்லை என்று கவனித்தேன். இறகில்லாததால் அதை அலமாரியில் வைக்காமல் மேசைக்கடியில் வைத்திருந்தேன். மறுபடி உள்ளே போனேன். தைரியம் என்றால் அதுவும் தைரியம்தான். என் முழங்கையில் இந்தக் காயம் அப்போது பட்டது.

அந்தத் தாழ்ப்பாளை ஒரு கையால் திறக்க முடியாது. தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். வெளியே வரும்போதெல்லாம் என் இரண்டு கையிலும் பெட்டி. இதை உங்களிடம் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். நீங்களும் அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்கிறீர்கள்: உள்ளே போகும்போது கை காலியாகத்தானே இருந்தது?

ஆமாம். காலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும்.

ஆனால் திறந்தால் அவரைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு வர வேண்டும். அவர் எடைக்கு என் இரண்டு கையும் போதாது. அப்புறம் யூடிரானஸை எதால் எடுப்பது? அவர் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். கடைசி முறை, போகும்போதும் வரும்போதும், அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். "அக்கா, இத ஒண்ண மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லவும் செய்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மௌனம் சம்மதம்தானே, மேடம்.