வெள்ளைப் பட்டை விழும் நாள்

கடல்நீரை வீட்டில் வைத்திருப்பது அவ்வளவு சிரமமில்லை, அமலராணி. கோவளத்திலிருந்து கேனில் வரும். வெயில் படாமல் வைத்தால் போதும். நீ இன்ஸ்பெக்டர் ஆனாலும் நான் ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைதான். வாக்குமூலத்தை நான் சொல்கிறபடியே எழுது அம்மா.

கோமாளி மீனை முட்டையிட வைத்துவிடலாம். குஞ்சுகளைப் பிழைக்க வைப்பதுதான் பாடு. ஊரப்பாக்கத்து வீட்டில் மூன்று ஈட்டுக் குஞ்சுகளைப் பறிகொடுத்தேன். எட்டாம் நாள் வாக்கில் உடம்பில் வெள்ளைப் பட்டை விழும். அதுவரை தொட்டியில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது.

இந்த 2008இல் மின்வெட்டு எப்படி என்று உனக்கே தெரியும். எங்கள் பக்கம் தினமும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. என் கணவர் யக்ஞநாராயணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூச்சுக்கே மின்சார இயந்திரம். வெட்டு நேரத்துக்கென்று கட்டிலருகே ஓர் ஆக்சிஜன் சிலிண்டர்.

"நேக்கு ஒத்தை சிலிண்டர். உன் மீனுக்கு ராஜ உபசாரம்" என்று கேலி செய்வார்.

நாலாவது ஈடு பொரித்த மறுநாள், மின்வெட்டில் தொட்டிப் பம்ப் நின்றது. அவர் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றித் தொட்டியில் விட்டேன். ஐந்து நிமிஷம் அதற்கு, ஐந்து நிமிஷம் அவருக்கு. வெளிறிப்போனார், அவ்வளவுதான். அடுத்த நாள் பத்துப் பத்தாக. பிறகு இருபது. பழக்கினால் பழகிவிடுகிறார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எட்டாம் நாள், பத்து மணி ஆகுமுன்பே குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத்தான் விடுவிக்க முடிந்தது.

"பாலா, வேண்டாம்டி. பயமா இருக்கு."

"இருங்கோ, இன்னிக்குத்தான் பட்டை விழப்போறது. பன்னண்டுக்கு கரண்ட் வந்துடும்."

சிலிண்டரை உருட்டிக்கொண்டு மீன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் இரைப்பு கேட்டால் என் கை பதறும். வால்வை அளவாகத் திருக வராது. கட்டிலை இரண்டு தரம் தட்டினார். பிறகு தட்டவில்லை. தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு முதல் குஞ்சின் மேல் பட்டை தெரிந்தது, நூல் இழை மாதிரி.

"ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டிருக்கலாமே, டீச்சர்?" என்கிறாய். நியாயமான கேள்வி. காற்றுக் குழாயை இரண்டாகப் பிரிக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் மேசை டிராயரில் ஆறு இருந்தன. அதையும் யோசித்தேன் அம்மா. பிரித்தால் குமிழி கொஞ்சம் குறைந்துவிடுமே என்று பயமாக இருந்தது.