தலைவலி மாத்திரை

தொண்ணூறுகளில் ஒரு காலை, வீரபாண்டி டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில், நகக்கண்ணெல்லாம் நீலச்சாயம் ஏறிய ஒருவர் மனைவியிடம் சீறிக்கொண்டிருந்தார்.

“நெஞ்சு வலின்னு போனா தலைவலி மாத்திரயக் குடுக்கறான். எனக்கென்ன தலையா வலிக்குது? முழுங்க மாட்டேன், போ!”

“நெஞ்சுல ரத்தக்குழாய் அடைக்காம இருக்கறதுக்குன்னு டாக்டரு சொன்னாருங்களே.”

“அவன் கெடக்கறான். தலைவலி மாத்திர தலைக்குத்தான்.”

“சாயம் புடிக்கோணும்னு தொட்டியில மூட்ட மூட்டயா உப்புக் கொட்டறீங்களே, அதென்ன, பனியன் கரிக்கோணும்னுங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும், அவளைப் பார்க்காமலேயே கையை நீட்டினார்.

“குடு. உன்ற பேச்சுல நெசமாவே தல வலிக்குது.”